ஐந்தாம் நிக்கலஸ் பாப்பரசரும் எங்கட நல்லூரும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கேக்கை ஆறுதலாக வாசியுங்கோ.

"அவர் படிச்ச மனுசன், பிழை செய்ய மாட்டார்." எங்கட ஊரில் இந்தக் கதையைக் கேட்காதவர் இல்லை. கலியாணப் பேச்சிலும் சொல்வார்கள், கோயில் நிர்வாகத் தெரிவிலும் சொல்வார்கள், பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவிலும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தாருக்குப் படிப்பில் அவ்வளவு நம்பிக்கை. நானும் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிற ஆள். ஆகவே படிப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. ஆனால் படித்த ஒரு மனிதரின் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் உரோமாபுரியில் இருந்தவர். யாழ்ப்பாணம் என்று ஓர் இடம் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர் முத்திரையிட்டுக் கொடுத்த ஆணைகள் பின்னாளில் எங்கட முற்றம் வரை வந்து சேர்ந்தன.

அவர் பெயர் தொம்மாசோ பரென்துசெல்லி. 1397 இல் இத்தாலியின் சர்சானா என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பன் ஒரு வைத்தியர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். பொலோஞ்ஞாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது கையில் காசு முடிந்துவிட்டது. படிப்பை இடையில் விட்டு, புளோரன்ஸ் நகரத்துக்குப் போய் இரண்டு பணக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். எங்கட மொழியில் சொன்னால், ரியூசன் கொடுத்தார். அந்தக் காசைச் சேர்த்துக்கொண்டு திரும்பப் போய் படிப்பை முடித்தார்.

பிறகு பொலோஞ்ஞா ஆயர் நிக்கொலோ அல்பெர்காத்தியிடம் சேர்ந்து 20 வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்தார். கையில் காசு இல்லாத காலத்திலும் கடன்பட்டுப் புத்தகம் வாங்குவாராம். பணம் வந்தால் இரண்டு விடயத்துக்குத்தான் செலவழிப்பேன், ஒன்று புத்தகம், மற்றது கட்டடம் என்று சொல்வாராம். அவரை நேரில் தெரிந்த வெஸ்பசியானோ என்ற புளோரன்ஸ் புத்தக வியாபாரி இதை எழுதி வைத்திருக்கிறார். மெடிச்சிக் குடும்பத்துக் கோசிமோ ஒரு நூலகம் அமைத்தபோது, அதில் என்னென்ன நூல்கள் இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவரும் இவர்தான்.

1447 மார்ச் 6 இல் இவர் பாப்பரசராகத் தெரிவானார். தன்னை வளர்த்துவிட்ட ஆயரின் நினைவாக நிக்கலஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். மணியடித்துத் திரிந்த ஒரு சாதாரண குரு பாப்பரசராக வருவார் என்று யாராவது நினைத்திருப்பார்களா என்று அவரே ஆச்சரியப்பட்டாராம். குணத்திலும் நல்லவர். அந்த நேரத்தில் ஐந்தாம் பெலிக்ஸ் என்று ஒருவர் தானும் பாப்பரசர் என்று உரிமை கோரிக்கொண்டிருந்தார். அவரைச் சிறையில் போடாமல், பேசி, 1449 இல் மரியாதையாகப் பதவி விலக வைத்து, கர்தினால் பதவியும் கொடுத்தார். 1450 ஐ யூபிலி ஆண்டாக அறிவித்தார். யாத்திரிகர் கொண்டுவந்த காணிக்கையில் உரோமையின் உடைந்த தேவாலயங்களையும் மதில்களையும் திருத்தினார். நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய கால்வாயையும் பழுதுபார்த்தார்.

ஆனால் அவரின் பெயர் நிலைத்தது நூலகத்தால். ஐரோப்பா முழுவதும் ஆள் அனுப்பிக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி வாங்கினார். கிரேக்க நூல்களை லத்தீனுக்கு மொழிபெயர்ப்பித்து, மொழிபெயர்ப்பாளருக்குத் தாராளமாகக் காசு கொடுத்தார். அவர் இறக்கும்போது சுமார் 1200 கையெழுத்துப் பிரதிகள் சேர்ந்திருந்தன. இன்றைய வத்திக்கான் நூலகத்தின் அத்திவாரம் அதுதான். 1200 தானா என்று நினைக்க வேண்டாம். அச்சகம் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்த காலம். ஒவ்வொரு புத்தகத்தையும் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் இருந்து கையால் எழுதி முடிக்க வேண்டும். 1981 இல் 97,000 நூல்கள் எரிந்த மண்ணில் வாழும் எங்களுக்கு, நூல் சேர்க்கிற மனிதரின் அருமையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அவர் மொழிபெயர்ப்பித்த நூல்களில் ஒன்று தொலமியின் வானியல் நூல். அதை ஐரோப்பா "அல்மகெஸ்ட்" என்றுதான் அழைத்தது. அது அரபுப் பெயர். 12 ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரத்தில் அரபியில் இருந்து லத்தீனுக்குப் போன நூல் அது. பக்தாத்திலும் ஸ்பானியாவிலும் இருந்த முஸ்லிம் அறிஞர்கள் படித்து, திருத்தி, காப்பாற்றி வைத்திருந்த அறிவு அவருடைய மேசையிலும் இருந்தது.

இதே மனிதர்தான் 1452 யூன் 18 இல் போர்த்துக்கல் மன்னன் ஐந்தாம் அபொன்சோவுக்கு ஓர் ஆணை அனுப்பினார். லத்தீனில் அதன் பெயர் "டும் திவேர்சாஸ்". சுருக்கமான பொருள் இதுதான்: சரசேனியரையும், பிற மதத்தவரையும், கிறிஸ்துவின் மற்ற எதிரிகளையும் எங்கிருந்தாலும் தாக்கலாம், அவர்களின் அரசுகளையும் சொத்துகளையும் எடுக்கலாம், அவர்களை நிரந்தர அடிமைகளாக்கலாம்.

சரசேனியர் என்றால் முஸ்லிம்கள். பிற மதத்தவர் என்றால் யூதரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அல்லாத எல்லோரும். அதாவது அந்த வசனத்தில் முதலாவதாக இருப்பது எங்கட ஆட்கள். இரண்டாவதாக இருப்பது என் பக்கத்து வீட்டுச் சைவக்காரர். எங்கள் இரண்டு வீட்டாரையும் ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

1455 ஜனவரி 8 இல் இரண்டாவது ஆணை, "ரோமானுஸ் பொந்திபெக்ஸ்". ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து தெற்கே போகப் போக வரும் கடலும் கரையும் போர்த்துக்கலுக்கு மட்டும் உரியவை, வேறு கிறிஸ்தவ அரசர் எவரும் தலையிடக்கூடாது என்று அது சொன்னது. கடல்வழியாக இந்தியர் வரை போகும் ஆசையும் அதில் பேசப்படுகிறது. கைப்பற்றிய இடங்களில் தேவாலயம் கட்டும் உரிமையையும், குருக்களை அனுப்பும் உரிமையையும் அது அரசனுக்கே கொடுத்தது.

எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், இது ஒரு காணி உறுதி. நொத்தாரிசு காணியைப் பார்க்கவில்லை. எல்லை தெரியாது. அதில் குடியிருப்பவர் யார் என்று விசாரிக்கவும் இல்லை. ஆனால் உறுதி எழுதி முத்திரையும் வைத்தாயிற்று.

இரண்டாவது ஆணை எழுதி மூன்று மாதம் ஆக முதல், 1455 மார்ச் 24 இல் நிக்கலஸ் காலமானார்.

"சேர், அந்தக் காலம் அப்படித்தானே" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். போர்த்துக்கல் 1415 இல் இருந்தே வட ஆபிரிக்க முஸ்லிம் அரசுகளோடு போரில் இருந்தது. கிழக்கே உதுமானியப் படை முன்னேறிக்கொண்டிருந்தது. 1453 மே 29 இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் விழுந்தது. நாங்கள் அதை வெற்றி என்று படிப்பதால் மறைக்கக்கூடாது: நகரம் சூறையாடப்பட்டது, ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அங்கிருந்து வந்த செய்தி நிக்கலஸை உடைத்துப் போட்டது. சிலுவைப் போருக்கு அழைத்தார். ஐரோப்பிய அரசர் எவரும் வரவில்லை. பயம் உண்மையானது.

ஆனால் "அந்தக் காலம்" என்ற பதில் முழுப் பதில் இல்லை. இவருக்கு முந்தைய பாப்பரசர் நான்காம் யூஜின் 1435 இல் ஓர் ஆணை விட்டார். கனாரித் தீவுகளில் பிடித்து அடிமையாக்கிய மக்களை 15 நாளுக்குள் விடுவிக்க வேண்டும், தவறினால் திருச்சபையில் இருந்து விலக்கு. இது 17 வருடம் முதல். நிக்கலஸே 1449 இல், யூத மதத்தில் இருந்து மாறிய கிறிஸ்தவர்களைத் தொலேதோ நகரத்தார் இரத்தம் பார்த்துப் பதவியில் இருந்து விலக்கியபோது, அது பிழை, எல்லாக் கிறிஸ்தவரும் சமம் என்று கண்டித்து எழுதினார். அநியாயத்தை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. வேலிக்கு உள்ளே இருந்தவருக்கு நடந்தால் கண்டுபிடித்தார். வேலிக்கு வெளியே இருந்தவர் அவருக்கு ஆளாகத் தெரியவில்லை, ஒரு சொல்லாகத்தான் தெரிந்தார்.

இனி எங்கட பக்கம் வருவோம்.

அந்த ஆணைகளுக்கு ஒரு நூறு வருடம் முதல், 1344 இல், மொரோக்கோவில் இருந்து வந்த இப்னு பதூதா இந்தத் தீவில் இறங்கினார். அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தி. சைவ அரசன். பாரசீக மொழி விளங்கும். முத்துகளைக் காட்டி வந்தவரோடு பேசியிருந்தார். பாவாதமலைக்குப் போக வேண்டும் என்று இப்னு பதூதா கேட்டபோது பல்லக்குக் கொடுத்து, யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினார். அந்த அரசன் ஒன்றும் சாது இல்லை. கப்பல் வைத்து வியாபாரமும் செய்தான், சண்டையும் பிடித்தான். ஆனால் கடலில் வருகிற அந்நியனை முதலில் விருந்தாளியாகப் பார்க்கும் பழக்கம் இந்தக் கரையில் இருந்தது.

1498 இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினான். 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். எங்கட பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் இந்த 1505 இல் இருந்துதான் தொடங்குகிறார்கள். புயல் அடித்தது, கப்பல் திசைமாறியது, வந்து சேர்ந்தார்கள். ஆனால் வந்தவர்களிடம் "உறுதி" ஏற்கனவே இருந்தது. 1514 இல் பத்தாம் லியோ பாப்பரசர் அந்தப் பழைய ஆணைகளை இன்னொரு தடவை உறுதிப்படுத்தியும் கொடுத்தார்.

அந்த உறுதியில் இருந்த ஒரு சிக்கல் முதலில் மன்னாரில் வெடித்தது. சமயத்தையும் அரசனையும் ஒரே முடிச்சில் கட்டியிருந்தார்கள் அல்லவா? தேவாலயம் போர்த்துக்கல் அரசனின் பொறுப்பு என்றால், ஞானஸ்நானம் பெற்ற மீனவனும் போர்த்துக்கல் அரசனின் ஆளா? யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி அப்படித்தான் பார்த்தான். 1544 இல் மன்னாரில் புதிதாகக் கத்தோலிக்கரான சுமார் 600 பேரைக் கொல்வித்தான். அவர்கள் ஏழைச் சனம். அரசியல் தெரியாது. உரோமையில் போட்ட முடிச்சுக்கும் நல்லூரில் எழுந்த பயத்துக்கும் நடுவில் அகப்பட்டுச் செத்தார்கள். போர்த்துக்கேயர் செய்ததை மட்டும் சொல்லி இதை விட்டால் அது வரலாறு இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. 1560 இல் படையெடுத்து மன்னாரைப் பிடித்தார்கள். 1591 இல் திரும்ப வந்து அரசனைக் கொன்று, தாங்கள் விரும்பியவரை இருத்தினார்கள். 1619 இல் பிலிப்பே ட ஒலிவேரா யாழ்ப்பாணத்தை முழுதாகப் பிடித்தான். கடைசி அரசன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒலிவேரா இடிப்பித்தான். 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். சுமார் 4000 பேர் மட்டக்களப்புப் பக்கம் குடியேறினார்கள் என்று போர்த்துக்கேயரின் பதிவே சொல்கிறது. ஒரு பௌத்த அரசன் கொடுத்த நிழல் அது.

1452 இல் எழுதிய வரியில் முதலாவது சொல், இரண்டாவது சொல். 1621 இல் கோயில், 1626 இல் முஸ்லிம்கள். ஒழுங்குதான் மாறியது.

ஒலிவேரா அந்த லத்தீன் ஆணையை வாசித்திருப்பானா? வாசித்திருக்கத் தேவையே இல்லை. ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்று நான்கு தலைமுறை சொல்லி வளர்த்துவிட்டால், ஐந்தாவது தலைமுறை உறுதியைக் கேட்காது. கொக்குவிலில் இருந்து நல்லூருக்குச் சைக்கிளில் போக எவ்வளவு நேரம்? முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலையைத் தாண்டும்போது போர்த்துக்கேயரைத் திட்டுவோம். அவர்களுக்கு முதல் நல்ல மனிதர் ஒருவர் நல்ல கையெழுத்தில் எழுதிய ஒரு வரி இருந்தது என்பதையும் அந்த இடத்தில் நினைக்கலாம்.

கதை அதோடு முடியவில்லை. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். இப்போது கத்தோலிக்கருக்குத் தடை. குருக்களுக்கு இடம் கொடுத்தால் தண்டனை. 1687 இல் ஜோசப் வாஸ் என்ற கோவாக் குரு ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, இரவில் வீடு வீடாகப் போய் பூசை வைத்தார். மற்றவரின் சமயத்தை ஆணை போட்டு அடக்கலாம் என்று ஒருமுறை பழகிவிட்டால், ஆணை போடுகிற கை மாறும்போது முதலில் எழுதியவரின் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் ஜோசப் வாஸைப் புனிதராக அறிவித்தார். அன்று பின்னேரமே மடுவுக்கும் வந்தார். எங்கட ஆட்களும் ரீவியில் பார்த்தோம்.

அதே பிரான்சிஸின் காலத்தில், 2023 மார்ச் 30 இல், வத்திக்கான் ஓர் அறிக்கை விட்டது. 1452, 1455, 1493 ஆம் ஆண்டு ஆணைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவை ஆதிக்குடிகளின் சம மதிப்பையும் உரிமையையும் சரியாகக் காட்டவில்லை, அவற்றில் இருந்து வளர்ந்த "கண்டுபிடிப்புக் கோட்பாட்டை" திருச்சபை ஏற்கவில்லை என்று சொன்னது. 571 வருடம் எடுத்தது. பிந்தியது என்று சொல்லலாம். ஆனால் தன் பெரியவர் ஒருவர் எழுதியதைத் தானே எடுத்துப் பார்த்து, இது சரியில்லை என்று சொல்ல ஒரு நிறுவனத்துக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை எங்கட நிறுவனங்களிலும் எதிர்பார்ப்போம்.

ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்?

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன அறிவித்தலில் தனி ஆட்களின் பெயர் இருக்கவில்லை, ஒரு சமூகத்தின் பெயர்தான் இருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களில் சனத்தைக் கொன்றவர்களும், அங்கே முழங்காலில் இருந்தது யார், யாருடைய பிள்ளை என்று பார்க்கவில்லை. பிறகு வந்த மாதங்களில் தொப்பி போட்ட ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்த்தவர்களும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே இலக்கணம்: "அவங்கள் எல்லாரும்".

இந்த இலக்கணத்தைப் படிக்காதவர்கள்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தால் அது எங்கட பெரிய ஏமாற்றம். அதைத் திருத்தமாக எழுதி, சட்டமாக்கி, காரணம் சொல்லி, முத்திரை வைக்கப் படித்தவர்தான் வேண்டும். நிக்கலஸ் கொடியவர் என்றால் இந்தக் கதையில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் நல்லவர், ஏழ்மையில் படித்தவர், புத்தகத்துக்காகக் கடன்பட்டவர், எதிரியை மன்னித்தவர் என்பதுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. 1200 நூல் சேர்த்தவருக்கும், தான் எழுதும் வரியின் மறுபக்கத்தில் ஒரு மனிதன் நிற்கிறான் என்று தோன்றவில்லை.

ஆகவே பெற்றோரிடமும் என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்களிடமும் ஒரு சின்ன வேண்டுகோள். பிள்ளை ஒன்பது ஏ எடுப்பதைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, பிள்ளை "அவங்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லும்போது ஒருதரம் நிறுத்தி, "எல்லாரும் என்றால் ஆர்? ஒரு பெயர் சொல்லு" என்று கேளுங்கள். வகுப்பில் கேட்கலாம், சாப்பாட்டு மேசையில் கேட்கலாம். சங்கத்துக் கடிதத்தில் கையெழுத்து வைக்க முதல், வட்ஸ்அப்பில் ஒன்றைப் பகிர முதல், எங்களையும் நாங்களே கேட்கலாம். பெயர் வந்துவிட்டால், அங்கே ஆள் வந்துவிடுவார். ஆள் வந்தால் "அடிமையாக்கலாம்", "வெளியேற்றலாம்", "இடிக்கலாம்" என்று எழுதக் கை கொஞ்சம் கூசும்.

கத்தோலிக்க நண்பர்கள் இதை உங்களுக்கு எதிரான பதிவாக எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். நிக்கலஸ் இருந்த கதிரையில் எந்தச் சமயத்தவரும் இருந்திருக்கலாம். எங்கட வரலாற்றிலும் அப்படியான கையெழுத்துகள் இருக்கின்றன. அதையும் இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

வாசித்தவர்கள் கீழே கருத்தை எழுதுங்கோ. உங்கட வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பழைய நல்லூர்க் கதைகள், சோனகத் தெருக் கதைகள் இருந்தால் அவற்றையும் எழுதுங்கோ. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம்.